மணல் நிரப்பிய இரண்டு பெட்டிகள்

காலை ஐந்து மணி நாற்பது. நானாவின் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்று நான் முதலில் கண்டது தண்டலின் முதுகை.

துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வேலை செய்வார்கள். கூட்டத்தின் தலைவர் தண்டல். அந்த நேரத்தில் நான் வழக்கமாகக் காண்பது அவருடைய முகத்தைத்தான். வீதியால் வந்து, கிழக்குப் பக்கம் திரும்பி, தலையைக் குனிந்து நானாவின் கடைக்குள் நுழைவார். அன்று வீதியின் நடுவில் சற்று நின்றார். பிறகு மேற்குப் பக்கம் திரும்பி எதிர்க்கடைக்குள் போனார். பின்னால் வந்த இருபது இருபத்தைந்து பேரும், கப்பலின் முன்பக்கம் திரும்பினால் பின்பக்கமும் திரும்பியே ஆகவேண்டும் என்பது போல, ஒருவர் பின் ஒருவராகத் திரும்பினார்கள். ஒருவரும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் பட்ட சிரமம் நன்றாகத் தெரிந்தது.

நானா பொயிலருக்குப் பக்கத்தில் நின்று தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். மேலே தூக்கிய கை மேலேயே நின்றது. கோப்பையில் இருந்தது மட்டும் தீர்ந்துவிட்டது.

நான் அப்போது கொழும்புத் தினசரி ஒன்றுக்குத் திருகோணமலையிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். எந்தக் கப்பல் வந்தது, எது ஏன் இன்னும் போகவில்லை, எந்தக் கிடங்கில் எத்தனை மூட்டை நனைந்தது என்ற விபரங்களைத் துறைமுக அலுவலகம் பத்து மணிக்கு மறுக்கும். மறுப்பதற்கு ஏதாவது வேண்டுமே. அதை நான் ஐந்தே முக்காலுக்குத் தண்டலின் ஆட்களிடம் பொறுக்கிக்கொள்வேன். ஆகவே அந்த முதுகு எனக்கும் நட்டம்தான். ஆனால் எனக்குப் போனது செய்தி. நானாவுக்குப் போனது கடை. காலையில் அந்தக் கூட்டம் குடிக்கும் தேத்தண்ணியும் தின்னும் பணிசும்தான் அவருடைய வியாபாரம். மிச்ச நாள் முழுவதும் வருகிறவர்கள் என்னைப் போன்றவர்கள்: பால் சேராத ஒரு பிளேன்ரீயுடன் பத்திரிகையின் கடைசிப் பக்கம் வரை இருப்பவர்கள்.

நானா கிண்ணியாக்காரர். வெள்ளிக்கிழமை, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித் துறை கடந்து வீட்டுக்குப் போவார். மற்ற நாட்களில் கடையிலேயே படுக்கை. எதிர்க்கடைக்காரரும் கிண்ணியாதான். அதுமட்டுமல்ல, நானாவின் மனைவியின் தம்பி. முன்பு நானாவின் கடையிலேயே தேத்தண்ணி போட்டவர். ஒரு நோன்புப் பெருநாளுக்குப் போய் வந்த கையோடு எதிரில் கடை திறந்தார். அதிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் பாராமல் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கடையில் கூட்டம் இருந்தாலும் நானாவின் மனைவிக்குச் சந்தோஷம். அது நானாவுக்குத் தெரியும். பாதை ஏறும்போது அவர் முகம் இருண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தண்டல் திரும்பியதற்குக் காரணம் ஊருக்கே கேட்டது. இறக்குமதியைத் திறந்துவிட்ட புதிது. அதுவரை ஒரு றேடியோ வால்வுக்குத் தவம் கிடந்த நாட்டில் திடீரென்று கப்பல் கப்பலாகக் கசற் செற்றுகள் வந்து இறங்கின. எதிர்க்கடைக்காரர் கொழும்புக்குப் போய், சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரியும் செற் ஒன்றை இரண்டு ஸ்பீக்கர்களுடன் கொண்டுவந்தார். ஒரு பக்கத்தில் வயலின், மற்றப் பக்கத்தில் மத்தளம்.

நானாவிடம் இருந்தது ஒரு பழைய றேடியோவும் ஒரு மண்பானையும். அந்தக் காலத்தில் எங்கள் பட்டினத்துச் சலூன்களிலும் தேத்தண்ணிக் கடைகளிலும் இதுதான் வழக்கம். ஸ்பீக்கரைக் கழற்றி வாய் அகன்ற பானையின் மேல் கவிழ்த்துவைத்தால் சத்தம் பருக்கும். பருக்கத்தான் செய்தது. பாடகர் கிணற்றுக்குள் விழுந்தும் தொழிலைக் கைவிடாமல் பாடுவது போலக் கேட்கும்.

“அவனுக்கு ரெண்டு பெட்டி. எனக்கு ஒரு பானை,” என்றார் நானா. “தண்டலை நான் என்னெண்டு தம்பி கூப்பிடுற?”

இந்தக் கேள்வியை அவர் என்னிடம்தான் கேட்டார். பதில் சொன்னவர் எனக்குப் பக்கத்தில் இருந்த கிளாக்கர்.

கிளாக்கர் என் நண்பர். ஓர்ஸ் ஹில்லில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை. அதற்குப் பின்னாலேயே குவாட்டர்ஸ். அலுவலகத்தில் அவருக்கு இருந்த வேலை அவருடைய அறிவைத் தொந்தரவு செய்யாத அளவு. வெள்ளைக்காரக் கடற்படை போகும்போது கிளப்பில் விட்டுவிட்டுப் போன ஆங்கிலச் சஞ்சிகைகளில் ஒரு கட்டை, வடை சுற்றப் போகவிருந்த நேரத்தில் நிறைக்கு வாங்கி வைத்திருந்தார். அவை முழுக்க ஒலிபெருக்கிப் பெட்டி செய்வதைப் பற்றியவை. அவரும் பத்து வருடமாக அவற்றை வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு பெட்டியாவது செய்தது கிடையாது.

“கடையில விக்கிறதெல்லாம் வெறும் தகரம் நானா. உயிரே இல்லை,” என்றார் கிளாக்கர். “பெட்டியை நாங்கள் செய்வம். ஸ்பீக்கர்க் கூம்பு மலிவாக் கிடைக்கும். கூம்பில ஒண்டுமில்லை. எல்லாம் பெட்டியிலதான் இருக்கு.”

நானா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பத்திரிகைக்காரன் ஒருவன் தலையாட்டினால் விசாரித்துப் பார்த்துத்தான் ஆட்டுவான் என்று நானா நம்பினார்.

கூம்புகள் புறக்கோட்டை நடைபாதையிலிருந்து வந்தன. எட்டு அங்குலம், கடுதாசிக் கூம்பு, பின்னால் ஒரு காந்தம். செய்த நிறுவனத்தின் பெயர் இல்லை. செய்த நாட்டின் பெயரும் இல்லை. இரண்டுக்கும் வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஒரு வேலையாகக் கொழும்புக்குப் போன நான் அவற்றைப் பழைய சேட்டுக்குள் சுற்றி இரவு மெயிலில் கொண்டுவந்தேன். எதிரில் இருந்தவரின் குடைக்கம்பி ஒன்று சேட்டையும் தாண்டி ஒரு கூம்புக்குள் போயிருந்தது. கிளாக்கர் சிகரட் சுற்றும் தாளைக் கிழித்து முட்டை வெள்ளையால் ஒட்டினார். பிறகு ரோச் பற்றரி ஒன்றின் இரு முனையையும் கம்பியால் தொட்டுக் காட்டினார். இரண்டு கூம்பும் ‘டப்’ என்று முன்னுக்குத் துள்ளின. இரண்டும் ஒரே பக்கம் துள்ளவேண்டும், ஒன்று முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் போனால் ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிடும் என்றார். அன்று அவர் சொன்னவற்றில் அது உண்மை.

பலகைதான் பிரச்சினை. நல்ல பலகை என்றால் தேக்கு. எங்கள் காசுக்குத் தேக்கு என்ற பேச்சே இல்லை. கிடைத்தது தேயிலைப் பெட்டி. எங்கள் துறைமுகத்தால் தேயிலை போன காலம். உடைந்த பெட்டிகளின் பிளைவுட் எங்கும் கிடக்கும். உள்ளே ஈயத்தாள், வெளியே தோட்டத்தின் பெயர், மூலைகளில் தகரப்பட்டி. தட்டிப் பார்த்தால் பறை. இதில் ஸ்பீக்கரைப் பூட்டினால் பாட்டைவிடப் பலகை அதிகம் பாடும் என்று கிளாக்கரே ஒத்துக்கொண்டார். அதற்கும் சஞ்சிகையில் வழி இருந்தது. ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் நீள இடைவெளி. அந்த இடைவெளி முழுக்க மணல். மணல் பாடாது.

சஞ்சிகை சொன்னது கழுவி உலர்த்திய ஆற்று மணல். ஆறு மகாவலி, அதற்கு லொறி வேண்டும். கடற்கரை நடக்கிற தூரம். “மணல் மணல்தான்,” என்றார் கிளாக்கர். நானும் ஆட்சேபிக்கவில்லை. கடலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர், கடல் மணலில் உப்பு இருக்கும் என்பதை நினைக்காமல் சாக்குச் சாக்காக அள்ளினோம்.

உலர்த்தத்தான் வேண்டும் என்பதில் மட்டும் கிளாக்கர் பிடிவாதமாக இருந்தார். அவருடைய குசினியில் இடம் கிடைக்கவில்லை. குசினிக்குச் சொந்தக்காரியான அவருடைய மனைவி வறுக்கிற தாச்சியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆகவே நானாவின் றொட்டித் தட்டில் வறுத்தோம். மத்தியானம், ஆள் இல்லாத நேரம். மணல் வறுபடும் மணம் வந்ததும் வீதியில் போன இருவர் உள்ளே வந்து கச்சான் கடலை கேட்டார்கள். கச்சான் இல்லை, மணல் மட்டும்தான் என்று நானா சொன்னார். அவர்கள் தட்டை எட்டிப் பார்த்தார்கள், நானாவைப் பார்த்தார்கள், எதிர்க்கடைக்குப் போனார்கள். அடுத்த இரண்டு நாள் றொட்டி தின்றவர்களும் போனார்கள்.

பெட்டிகள் குவாட்டர்சின் பின்பக்கத்தில் எழும்பின. வெட்டியது நான், அளந்தது கிளாக்கர். அவர் சஞ்சிகையில் இருந்த அங்குலங்களைச் சதம மீற்றராக மாற்றி, எனக்குச் சொல்லும்போது மறுபடி அங்குலமாக்குவார். போகும் வழியிலும் வரும் வழியிலும் கொஞ்சம் கொஞ்சம் சிந்திவிடும். ஒரு பெட்டி மற்றதைவிடச் சற்று உயரமாக வந்தது. உயரமானதை வலப் பக்கம் வைத்தால் தெரியாது என்றார். ஏன் வலப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. மூட்டுகளை வச்சிரம் காய்ச்சி ஒட்டினோம். காற்று போகாமல் இருக்க ஓரமெல்லாம் மெழுகு. உள்ளே அவர் வீட்டுத் தலையணை ஒன்றின் இலவம்பஞ்சு. அந்தத் தலையணை யாருடையது என்பது பிறகு தெரிந்தது. கிளாக்கர் இரண்டு நாள் என் வீட்டில் சாப்பிட்டார். கடைசியாக மேல் பலகையில் இருந்த துளையால் புனல் வைத்து மணலை ஊற்றினோம். நான் பெட்டியைத் தட்டினேன். மலையைத் தட்டியது போல இருந்தது. கிளாக்கர் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோதுதான் தூக்கவேண்டும் என்ற ஞாபகம் வந்தது. நாங்கள் இருவரும் ஒன்றைப் பிடித்துப் பார்த்தோம். பெட்டி அசையவில்லை, கிளாக்கரின் இடுப்பு அசைந்தது. எங்களுக்குத் தெரிந்தவர்களில் இந்தப் பாரத்தைத் தூக்கக்கூடியவர்கள் ஒரே ஒரு கூட்டம்தான். தண்டலிடம் கேட்கப் போனது நான். அவர் அதிகம் கதைக்கிறவர் அல்ல. ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்காமல் விரலை நீட்டி ஆறு பேரைக் காட்டினார்.

அவர்கள் கப்பல் வேலை பார்க்கிற மாதிரியே பார்த்தார்கள்: கயிறு, தடி, தோள், ஒரு அதட்டல். இறக்கத்தில் கைவண்டி ஓடாமல் இருவர் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தார்கள்.

“இதுக்குள்ள என்ன ஐயா, ஆளா?” என்று ஒருவர் கேட்டார்.

“பாட்டு,” என்றார் கிளாக்கர்.

“அப்ப பாடுறவர் நல்லாச் சாப்பிடுறவர் போல.”

பெட்டிகளை நானாவின் கடையில் இறக்கிவைத்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஆறு பேரும் எதிர்க்கடைக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தார்கள்.

பெட்டி அசையக்கூடாது என்று சஞ்சிகை சொல்லியிருந்தது. கடையின் பின் மூலைகளில், பொயிலருக்கு ஒரு பக்கமும் காசுமேசைக்கு ஒரு பக்கமுமாக, மேசன் ஒருவர் செங்கல்லால் இரண்டு தூண் கட்டினார். பெட்டிகளை ஏற்றி வீதியைப் பார்க்க வைத்து, அடியைச் சுற்றிச் சீமெந்து பூசினார். இது எதற்கு என்று கேட்டார். சொன்னோம். இன்னும் கொஞ்சம் சீமெந்து குழைத்தார்.

கிளாக்கர் தன் கையால் செய்த அம்ப்ளிஃபயரையும், எங்கோ இரவல் வாங்கிய ஸ்பீக்கர் இல்லாத கசற் செற் ஒன்றையும் பூட்டினார். நானா, கிளாக்கர், நான் மூவரும் காசுமேசைக்குப் பக்கத்தில் நின்றோம். பாட்டு தொடங்கியது. மத்தளம் காதால் வரவில்லை. நிலத்தால் வந்து, காலால் ஏறி, காலையில் தின்ற பணிஸ் இருந்த இடத்தில் நின்றது. நானா நெஞ்சில் கை வைத்தார். கிளாக்கர் பத்து வருடம் வாசித்ததற்குப் பலன் கிடைத்தவர் போலச் சுவரில் சாய்ந்தார். இதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை என்று சொன்னேன். உண்மையாகவே சொன்னேன்.

அடுத்த நாளிலிருந்து நடந்ததைத் திகதி வாரியாகச் சொல்ல ஏலும், ஆனால் எல்லா நாளும் ஒரே மாதிரி. காலையில் நானா குர்ஆன் கிராத்துடன் தொடங்குவார்; பிறகு சினிமாப் பாட்டு; இடைக்கிடை பைலா. கூட்டம் வரும். தண்டல் வீதியின் நடுவில் நின்று, எங்கள் கடைப் பக்கம் காதைக் கொடுத்து, தலையை ஒருமுறை ஆட்டுவார். நானா ஒரு கோப்பையைக் கையில் எடுப்பார். தண்டல் எதிர்க்கடைக்குள் போவார்.

அவருடைய ஆட்களில் சிலர் என்ன புதினம் என்று விடுப்புப் பார்க்க ஓரிரு நாள் உள்ளே வந்து பலகை வாங்கில் உட்கார்ந்தார்கள். தேத்தண்ணிக் கோப்பைகள் மேசையில் மெதுவாக நடந்து ஓரத்துக்குப் போவதைப் பார்த்தார்கள். ஒருவர் மற்றவரிடம் ஏதோ சொன்னார். மற்றவர் காதைக் கொண்டுவந்தார். அவர் மறுபடி சொன்னார். பிறகு இருவரும் எழும்பிப் போனார்கள்.

இன்னும் அடிச்சத்தம் வேண்டும் என்று கிளாக்கர் தீர்மானித்தார். பின்பக்கத்தைத் திறந்து இன்னும் பஞ்சு வைக்கப் போனார். அதற்குள் மாரி தொடங்கிவிட்டது. கடல் மணல் காற்றில் இருந்த ஈரத்தையெல்லாம் குடித்து, ஈயத்தாள் கிழிந்த இடங்களால் உப்புத் தண்ணியாகக் கசிந்துகொண்டிருந்தது. பெட்டிகள் அழுவது போல இருந்தது. திருகாணிகள் எல்லாம் துருப்பிடித்துப் பலகையோடு ஒன்றாகிவிட்டன. ஒன்றின் தலை கிளாக்கரின் கையோடு வந்தது, உடல் வரவில்லை. பெட்டி இனி யாருக்கும் திறக்காது. மணலும் உள்ளே இறுகிவிட்டது.

நானா ஒரு குறையும் சொல்லவில்லை. ரின்பால் வாங்குவதைக் குறைத்தார். ஒரு நாள் பணிஸ்காரரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். கடையைக் கொடுத்துவிட்டுக் கிண்ணியாவோடு நிற்கலாமோ என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பாட்டைக் கூட்டினார்.

எனக்குத்தான் முதலில் ஒரு விஷயம் உறைத்தது. தொழிலில் நான் பழகியது, நடந்ததைவிட நடக்காததைக் கவனிப்பது. எதிர்க்கடைச் செற்றின் சத்தத்தைக் கேட்டுப் பல நாளாகிவிட்டது. சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் எரியவில்லை.

அடுத்த நாள் காலை நான் எதிர்க்கடைக்குப் போனேன். இருக்கிற வாங்கில் ஒதுங்கி இடம் தந்தார்கள். வீதியைப் பார்த்து இருந்தேன்.

நானாவின் பெட்டிகள் பாடின. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. வயலின் ஒரு பக்கத்தில் இருந்தும் மத்தளம் மறுபக்கத்தில் இருந்தும் வந்து, வீதியின் நடுவில் சந்தித்து, நேராக நாங்கள் இருந்த வாங்குக்கு வந்தன. அடிச்சத்தம் இருந்தது, ஆனால் வயிற்றுக்குள் வரவில்லை; மரியாதையாக வாசலில் நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் குரலை உயர்த்தாமல் கதைத்துக்கொண்டிருந்தார்கள். தண்டல் கண்ணை மூடியிருந்தார். அவருடைய பெருவிரல் தாளம் போட்டது.

எதிர்க்கடைக்காரர் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

“நல்ல வேலை செஞ்சிரிக்கீங்க தம்பி,” என்றார்.

உங்கள் செற் எங்கே என்று கேட்டேன்.

“அதா? மூதூர் ஆளொருத்தருக்கு வித்திட்டன். என்னத்துக்கு ரெண்டு?”

கிளாக்கரிடம் போய்ச் சொன்னேன். அவர் தாளும் பென்சிலும் எடுத்துக் கோடு போட்டார். சிறிய அறையில் அடிச்சத்தம் மூலைகளில் போய்க் குவியும், நடுவில் குழம்பும், நல்ல சத்தம் வேண்டுமானால் தூரம் வேண்டும் என்றார். நாங்கள் மூவரும் ஒவ்வொரு முறையும் காசுமேசைக்குப் பக்கத்திலேயே, அதாவது மூலையிலேயே, நின்று கேட்டோம். வாடிக்கைக்காரர் இருக்கும் வாங்கில் இருந்து ஒரு பாட்டுக்கூட நாங்கள் கேட்கவில்லை. அவர் அதை விளக்கிய விதத்தில் பிழை முழுவதும் அறையுடையது.

நானா நம்பவில்லை. தன் கடைச் சத்தம் தன் கடையில்தான் நன்றாகக் கேட்கும் என்றார். நியாயமான கருத்து. கேட்டுப் பாருங்கள் என்றேன். எங்கே இருந்து என்றார். நான் எதிர்க்கடையைப் பார்த்தேன். அவர் தன் சாரத்தைப் பார்த்தார். பிறகு மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனார்.

வெளுத்த சாரமும் தொப்பியுமாக வீதியைக் கடந்தார். பல வருடத்தில் முதல்தடவை. எதிர்க்கடையில் கதை நின்றது. மச்சினன் தோளில் கிடந்த துவாயை எடுத்து ஏற்கனவே சுத்தமாக இருந்த வாங்கைத் துடைத்தார்.

“இரிங்க மச்சான்.”

நானா தண்டலுக்குப் பக்கத்தில் இருந்தார். தேத்தண்ணி வந்தது. தன் கடையை எதிரிலிருந்து அவர் பார்த்ததும் அதுதான் முதல்தடவை. பெயர்ப்பலகையில் ஒரு எழுத்து உதிர்ந்திருந்தது. வெறும் வாங்குகள் வாசல் வரை தெரிந்தன. ஒரு பாட்டு முடிந்தது, இன்னொன்று தொடங்கியது. நானா இரண்டையும் கேட்டார்.

“நல்லாத்தான் இரிக்கி,” என்றார் கடைசியில்.

“நல்ல சத்தம்,” என்றார் தண்டல். பெட்டிகளைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் மூவரும் காசுமேசையில் கூடினோம். பாட்டை நிறுத்தினால் என்ன என்று நான் கேட்டேன். நானா அதை முன்பே யோசித்திருந்தார்: இரண்டு கடையிலும் பாட்டு இல்லை என்றால் தண்டல் சந்தியில் இருக்கும் மூன்றாவது கடைக்குப் போவார், பிறகு மச்சினனுக்கும் இல்லை, தனக்கும் இல்லை, வெள்ளிக்கிழமை வீட்டில் சோறும் இல்லை. பெட்டிகளைக் கழற்றி வேறு பக்கம் வைக்கலாம் என்றார் கிளாக்கர். மேசனைக் கூப்பிட்டோம். அவர் சீமெந்தைத் தட்டிப் பார்த்துத் தன் வேலையைப் பற்றிப் பெருமையாகச் சில வார்த்தை சொன்னார். தூணை இடிக்கலாம், ஆனால் தூணோடு பின்சுவரும் வரும் என்றார். மணலை எடுக்கலாமென்றால் பெட்டி திறக்காது. கிளாக்கர் கோடரி என்ற சொல்லைச் சொல்லத் தொடங்கி, பெட்டியைப் பார்த்துவிட்டு, நிறுத்தினார்.

நானா மட்டும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, அந்தத் தையல்கடை யார்ர?”

எதிர்க்கடையோடு ஒட்டி, ஒரே சுவரில், ஓர் அறை பூட்டிக் கிடந்தது. தையற்காரர் கொழும்புக்குப் போனவர் திரும்பவில்லை. சொந்தக்காரர் அன்புவழிபுரத்தில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை என்றேன்.

“கதைச்சுப் பாருங்களன்.”

“நானா, பொயிலர் இஞ்ச. குசினி இஞ்ச,” என்றார் கிளாக்கர். “அங்க என்ன செய்யப் போறீங்கள்?”

“பெட்டியை அசைக்கேலா. வாங்கை அசைக்கலாம்,” என்றார் நானா.

ஆசிரியை சம்மதித்தார், பெட்டிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நானா வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவர் இரண்டு கடையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது வந்து பார்க்க வசதி என்றாராம். நானா இதைச் சொல்லும்போது பாதை ஏறிய முகமே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாங்குகளை மாற்றினோம். தையற்காரரின் மேசை ஒன்று உள்ளே கிடந்தது. சுவரில் அளவுநாடா தொங்கியது. மச்சினன் சிறிது நேரம் வாசலில் நின்று பார்த்தார். பிறகு நீளமான வாங்கின் ஒரு தலைப்பைப் பிடித்தார்.

“சத்தம் என்ர பக்கம் வாறதுக்கு வாடகை கேக்க மாட்டீங்கதானே மச்சான்?” என்றார்.

நானா வாங்கை இறக்கச் சொன்னார். சரியாக வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. பழைய கடையில் இப்போது பொயிலரும் றொட்டித் தட்டும் கசற் செற்றும் அம்ப்ளிஃபயரும் இரண்டு பெட்டிகளும் மட்டும் இருந்தன. வீதிக்கு இந்தப் பக்கம் பாட்டும் தேத்தண்ணியும், அந்தப் பக்கம் அவற்றுக்கான ஆட்கள். நடுவில் துறைமுக லொறிகள். கிளாக்கர் தன் சஞ்சிகையில் இப்படி ஒரு ஏற்பாட்டைக் கண்டதில்லை என்றார். ஆனால் தூரம் சரி என்றார்.

திங்கட்கிழமை நான் வழக்கத்தைவிட முந்திப் போய்ப் புதிய அறையில் இருந்தேன். நானா எதிரில், பொயிலருக்குப் பக்கத்தில். கிராத் முடிந்து பாட்டு தொடங்கியது. கூட்டம் வந்தது. தண்டல் வீதியின் நடுவில் நின்றார். பழைய கடையைப் பார்த்தார். அங்கே வாங்கு இல்லை. மச்சினனின் கடையைப் பார்த்தார். பிறகு புதிய அறையைப் பார்த்தார். நீளமான வாங்கு வாசலோடு கிடந்தது. பின்னால் நின்றவர்களில் ஒருவர் இருமினார். எதிரில் நானா ஒரு கோப்பையைக் கையில் எடுத்துவிட்டு, மறுபடி கீழே வைத்தார்.

தண்டல் தலையைக் குனிந்து எங்கள் அறைக்குள் வந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்தார். வாங்கு ஒரு முறை முனகியது. இடம் கொண்ட வரை ஆட்கள் உள்ளே வந்தார்கள்; மிச்சப் பேர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். தண்டல் வீதியைப் பார்த்துக் கையைத் தூக்கி ஒரு விரல் காட்டினார்: பிளேன்ரீ.

நானா அதைத் தட்டில் வைத்துத் தானே கொண்டுவந்தார். சீமெந்து ஏற்றிய லொறிகள் மூன்று வரிசையாகப் போயின. அவர் ஓரத்தில் நின்றார். பிறகு ஒரு மாட்டுவண்டி. பிறகு சைக்கிளில் வந்த ஒருவர் நிறுத்தி, கடை மாறிவிட்டதா என்று விசாரித்தார். நானா அவருக்கும் பதில் சொன்னார். தட்டு வந்து சேர்ந்தபோது பிளேன்ரீ ஆறியிருந்தது.

தண்டல் அதைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.